பிறமொழி கற்றலும் எழுதிப் பழகுதலும்

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என மொழித்திறன்களை நான்காக வகுத்துக் கூறுவது மரபு. இவ்வரிசையில் எழுதுதல் எப்போதும் இறுதியில் நிற்கிறது. கேட்டும் பேசியும் படித்தும் நன்கு தேர்ந்த பின்னரே பிறமொழியில் எழுதத் தொடங்க வேண்டும் என்று பலரும் எண்ணுவதற்கு இவ்வரிசையும் ஒரு காரணமாகலாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எழுதுவது, கற்று முடித்ததன் அடையாளம் மட்டுமன்று. கற்கும் வழிகளுள் ஒன்று. ஆதலால் பிறமொழி பயில்வோர், தாம் அறிந்த சொற்கள் நூறே ஆயினும், அவற்றைக்கொண்டு சொந்தமாக வாக்கியங்களை எழுதிப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

“நாங்கள் எழுதாத நாளும் உண்டோ?” என்று நீங்கள் வினவக்கூடும். உண்மைதான். பள்ளி வாழ்வில் நீங்கள் நிரப்பிய ஆங்கில ஏடுகளை அடுக்கினால் ஓர் அலமாரி கொள்ளாது. ஆனால் அவற்றுள் பெரும்பகுதி கரும்பலகையிலிருந்தும் உரைநூலிலிருந்தும் பார்த்து எழுதியவை. விடுமுறை விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வோம். கால் சுளுக்கியவரும், அக்காள் திருமணத்திற்குச் சென்றவரும், மழையால் பேருந்தைத் தவறவிட்டவரும் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும்போது காய்ச்சலால்தான் வருந்துகின்றனர்! மனப்பாடமாக அறிந்த வாக்கியம் அது ஒன்றே. கால் சுளுக்கியதைத் தம் சொற்களில் எழுத முயலும் மாணவர் இரண்டு பிழைகள் செய்யலாம். எனினும், அன்று மொழி கற்றவர் அவரே என்பேன்.

புரிதலும் ஆக்கமும்

ஒன்றைக் கேட்டுப் புரிந்துகொள்ள எல்லாச் சொற்களும் தேவைப்படுவதில்லை. இடமும் சூழலும் பேசுபவரின் முகக்குறிப்பும் குறையை நிரப்பிவிடுகின்றன. தமிழ் பயிலும் ஓர் அயல்நாட்டவரை நினைத்துப் பாருங்கள். “எனக்குத் தமிழ் தெரியும்” என்னும் வாக்கியத்தை அவர் பலமுறை கேட்டிருப்பார், பொருளும் அறிவார். அதையே எழுதச் சொன்னால், தம் மொழியின் வழக்கப்படி “நான் தமிழ் தெரியும்” என்று எழுதக்கூடும். ‘தெரியும்’ என்னும் வினை ‘எனக்கு’ என்பதையே வேண்டி நிற்கிறது என்பதைக் கேட்கும்போது அவர் கவனித்திருக்கத் தேவையில்லை. எழுதும்போதோ ‘நான்’, ‘எனக்கு’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும். நமக்கும் இத்தகைய இடர் உண்டு. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குமுன் ‘ஏ’ வருமா, ‘தி’ வருமா என்ற ஐயம் படிக்கும்போது எழுவதே இல்லை. சொந்தமாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தால் வரிக்கு வரி எழும்.

கனடாவில் இதற்குத் தக்க சான்று உண்டு. மாண்ட்ரியல் நகரை அடுத்த செயின்ட் லாம்பெர்ட்டில் 1965ஆம் ஆண்டு, ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கும் முறை தொடங்கப்பட்டது. அம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. அவ்வாறு பயின்றோர் பல ஆண்டுகள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் வளர்ந்தனர். புரிந்துகொள்வதில் அவர்கள் பிரெஞ்சுக் குழந்தைகளை ஏறத்தாழ எட்டினர். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. இதனை ஆராய்ந்த மெரில் சுவெய்ன் என்னும் மொழியியலறிஞர், கேட்பது மட்டும் போதாது. கற்பவர் தாமே மொழியை ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று 1985இல் முன்வைத்த கருத்து, மொழி கற்பித்தல் துறையில் இன்றளவும் பேசப்படுகிறது. தாம் சொல்ல நினைப்பதற்கும் சொல்ல முடிவதற்கும் உள்ள இடைவெளியை, ஆக்கிப் பார்ப்பவரே காண்கிறார் என்பது அவர் கண்ட உண்மை.

ஓர் அலுவலக ஊழியரின் முறை

துருக்கியில் பழைய டிராய் நகரை அகழ்ந்து புகழ்பெற்ற ஜெர்மானியர் ஹைன்ரிக் ஷ்லீமன், இளமையில் ஆம்ஸ்டர்டாம் நகர வணிக நிறுவனம் ஒன்றில் கடிதங்களைச் சுமந்து திரியும் எளிய ஊழியராக இருந்தார். 1842ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. சிறிய ஊதியத்தில் பாதியைக் கல்விக்கே செலவிட்டு முதலில் ஆங்கிலம் கற்றார். உரக்கப் படிப்பார், நாள்தோறும் தமக்கு விருப்பமான பொருள் பற்றிக் கட்டுரை எழுதுவார், ஆசிரியரிடம் காட்டித் திருத்தங்களைப் பெறுவார், திருத்திய வடிவத்தை மனப்பாடம் செய்து மறுநாள் ஒப்பிப்பார். அரையாண்டில் ஆங்கிலம் வசப்பட்டது என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். பின்னர் ஆசிரியர் எவரும் கிடைக்காத நிலையில் ரஷ்ய மொழியைத் தாமே பயின்று, ஆறே வாரத்தில் வணிகர் ஒருவருக்கு அம்மொழியில் கடிதம் வரைந்ததாகவும் கூறுகிறார். அவர் தம்மைப் பற்றிச் சற்று மிகைபடக் கூறுபவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே மாதக் கணக்கை நாம் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பல மொழிகளில் அவர் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்புகள் ஏதென்ஸ் நகர நூலகமொன்றில் இன்றும் உள்ளன.

இம்முறையில் மனப்பாடத்திற்கும் இடமுண்டு என்பதைக் கவனியுங்கள். நாம் பிறர் எழுதியதை மனப்பாடம் செய்கிறோம். அவரோ தாம் எழுதிப் பிழைபட்டு, திருத்தம் பெற்ற வாக்கியங்களை மனப்பாடம் செய்தார்.

பார்த்தெழுதுதல் முற்றிலும் பயனற்றது என்று நான் கூறவில்லை. புதிய எழுத்துமுறை ஒன்றைக் கைவரப் பெறுவதற்கு அது தேவை. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஆனால் அவர் மணலோடு நின்றுவிடவில்லை. தமிழ் நூல்களைப் படித்துச் சொற்களைத் தொகுத்தார், தமிழிலேயே எழுதினார், தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் விளக்கி எழுதினார். அந்நூல் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று.

எழுதாமலே பிறமொழி பேசுவோர் இல்லையா? இருக்கின்றனர். மாமல்லபுரம் போன்ற சுற்றுலாத் தலங்களில் அயல்நாட்டாரோடு உரையாடிப் பழகியே அவர்தம் மொழியைப் பேசக் கற்றவர்கள் உள்ளனர். அவர்தம் திறனைக் குறைத்து மதிப்பிடுவது அறியாமை. அவர்களுக்கு அம்மொழி நாள்தோறும் செவியில் விழுகிறது. தவறாகப் பேசினால் கேட்பவர் முகமே உணர்த்திவிடுகிறது. வாரத்தில் சில பாடவேளைகள் மட்டுமே ஒரு மொழியைச் சந்திக்கும் உங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எழுத்து அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. பேச்சு காத்திராது, தாள் காத்திருக்கும்.

திருத்துவோர் யார் என்பதே நடைமுறையில் பெரிய சிக்கல். ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் நாள்தோறும் அனைவர் ஏட்டையும் திருத்த ஓர் ஆசிரியரால் இயலாது. பிழையுள்ள இடத்தில் ஆசிரியர் கோடு மட்டும் இட்டுத் தந்தால், திருத்தத்தை மாணவரே தேடலாம். நண்பர்கள் ஏடுகளை மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியும் உதவும். ஆனால் அதனை முதலில் நாடுவோர்க்கு மேற்சொன்ன இடைவெளி கண்ணிலேயே படாது. முதலில் தாமே எழுத வேண்டும். பின்னர்ச் செயலி தருவதை அருகில் வைத்து, வேறுபடும் இடங்களைக் கோடிட்டு, ஏன் வேறுபட்டது என அகராதியிலும் இலக்கண நூலிலும் தேட வேண்டும். செயலியும் தவறுவதுண்டு என்பதால் இத்தேடல் மிகவும் தேவை. அதன்பின் இரண்டையும் மூடிவைத்துவிட்டு அதே செய்தியை மீண்டும் எழுத வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து வாக்கியங்கள் போதும். கால்மணி நேரத்துக்குமேல் ஆகாது. நாற்பது பக்க ஏடு ஒன்று ஒரு பருவத்திற்கு வரும்.