சட்டத்தில் இல்லாத கைது

நாட்டில் ஒரு நூதனமான கைது கிளம்பியிருக்கிறது. அதற்கு வாரண்டு கிடையாது, விலங்கு கிடையாது, மாஜிஸ்டிரேட்டும் கிடையாது. ஒரு கைப்பேசி போதும். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சேமித்த பணத்தைப் பாங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் ஒரு பெரியவரை எவனோ ஒருவன் அழைக்கிறான். அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப் பொருள் அகப்பட்டதென்றும், அவருடைய ஆதார் எண்ணைக் கொண்டு கள்ளப் பணம் கைமாறியிருப்பதாகவும் சொல்லுகிறான். அடுத்த நிமிஷம் திரையில் காக்கி உடுப்புடன் ஓர் "அதிகாரி" தோன்றுகிறார். பின்னால் போலீஸ் ஸ்டேஷனைப் போன்ற ஜோடனை. காமிராவை அணைக்கக் கூடாது. மனைவி மக்களிடம் மூச்சுவிடக் கூடாது. பணம் நேர்மையானதுதானா என்று ரிஸர்வ் பாங்கி பரிசோதிக்க வேண்டுமாகையால், உள்ள தொகை முழுவதையும் குறிப்பிட்ட கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவாகிறது. பெரியவரும் அனுப்பிவிடுகிறார்! இதற்கு "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று பெயர்.

இப்படியும் ஏமாறுவார்களா என்று நகைப்பவர்கள் உண்டு. நாம் நகைக்கத் தயாராயில்லை. ஏமாந்தவர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள். பெரிய பதவிகளை வகித்தவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாபின் பெரிய ஆலை முதலாளி ஒருவருக்கு 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு விசாரணையையே போலியாக நடத்திக் காட்டி, 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். இவர்கள் பேராசையால் கெட்டவர்களல்லர், மூடர்களுமல்லர். பின் எதைக் கொண்டு பிடித்தார்கள்? பயத்தைக் கொண்டு! அன்னிய ஆட்சியில் சிவப்புத் தலைப்பாகையைக் கண்டு நடுங்கிய அதே பயம் இன்னும் நம் எலும்பில் இருக்கிறது. தலைப்பாகை போய்விட்டது, நடுக்கம் போகவில்லை. காரணம் கூறாமல் "ஸ்டேஷனுக்கு வா" என்று அதட்டும் வழக்கம் நிஜப் போலீஸிடம் இருக்கும் வரையில், போலிப் போலீஸுக்கு ஒத்திகை எதற்கு?

அரசியல் சட்டத்தின் 22-வது விதி என்ன சொல்லுகிறது? கைதானவனுக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அவன் வக்கீலைக் கலந்துகொள்ள இடங்கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்த வேண்டும். யாரிடமும் பேசாதே என்று ஒருவன் கட்டளையிடும்போதே அவன் திருடன் என்று தெரிந்துகொள்ளலாம். இத்தகைய கைது எந்தச் சட்டத்திலும் இல்லை என்று பிரதம மந்திரியே 2024 அக்டோபரில் ரேடியோவில் எடுத்துச் சொன்னார். 2025 டிசம்பரில் இந்த வழக்குகளை ஸி.பி.ஐ. விசாரிக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. எனினும், ஸைபர் மோசடிகளில் ஜனங்கள் 2024-ல் மட்டும் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று பார்லிமெண்டில் சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பாங்கிகளின் பொறுப்பு என்ன? ரிஸர்வ் பாங்கி 2017 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. பாங்கியின் குற்றத்தால் பணம் போனால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டமில்லை; இருவர் பேரிலும் தவறின்றிப் போயிருந்து 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தாலும் நஷ்டமில்லை. ஆனால் இரகசிய எண்ணை அவரே பிறருக்குக் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையில் போனது அவருடைய தலையில் விழும் என்று அது வகுத்தது. கழுத்தில் கத்தியை வைத்துப் பறித்தால் கொள்ளை. காக்கிச் சட்டையைக் காட்டிப் பறித்தால் வாடிக்கைக்காரரின் கவனக் குறைவு! இது என்ன நியாயம்? எழுபது வயதுக் கிழவர் ஒருவர் தமது வைப்புத் தொகையையெல்லாம் கலைத்து, முன்பின் அறியாத கணக்குக்கு ஒரே நாளில் அனுப்புகிறார் என்றால், பாங்கி சில மணி நேரம் அதை நிறுத்தி வைத்து, அவர் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்கலாகாதா? எச்சரிக்கைகளையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்ததென்கிறார்கள். தமிழில் அனுப்பினால் பாங்கி முழுகிவிடுமா?

இனி, தேசத் தொண்டு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் தனியாக வசிக்கும் முதியவர்களிடம் சென்று பேசுங்கள். பணத்தைப் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் வேண்டியதில்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும் என்ற ஒன்றைச் சொன்னாலே பாதி மோசடி நின்றுபோம். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நிமிஷக் கணக்கில் தாவுகிறது. தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. அந்தக் கணக்குகள் யாருடையவை? சில ஆயிரம் ரூபாய்க்காகத் தமது பாஸ் புத்தகத்தையும் கார்டையும் விற்றுவிடும் கல்லூரி மாணவர்களுடையவையும் கூலியாட்களுடையவையும் அவற்றில் உண்டு. அழைப்பவர்களிலும் நம்மவர் இருக்கிறார்கள். தாய்லாந்தில் உத்தியோகம் என்று ஆசை காட்டி அழைத்துப்போய், மியான்மாரில் அடைத்து வைத்து, இந்த மோசடித் தொழிலைச் செய்யும்படி வதைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். நமது கிராமங்களில் இன்றும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் திரட்டும் தரகர்கள் உலாவுகிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் லைஸென்ஸ் இருக்கிறது என்று ஜில்லா அதிகாரிகள் விசாரித்துப் பார்க்கட்டும்.