மூன்று கொடிகளின் கீழ் ஆடிய மனிதர்



சென்ற மாதம் நமது புதுவை நகரில் முல்லா வீதிப் பக்கம் ஒரு வலீமா விருந்துக்குச் சென்றிருந்தேன். உணவருந்தி எழுந்த பின்னர், நெடுநாள் பழக்கமுள்ள ஒரு நண்பர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். சிறிய கடை வைத்து, நேர்மையாக உழைத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர். அவருடைய முகத்தில் கவலை தெரிந்தது.

"பாய், என் மகனுக்குப் பத்தொன்பது வயதாகிறது. உப்பளம் மைதானமே கதியென்று கிடக்கிறான். பிரான்சில் இருக்கும் அவனுடைய மாமா, 'படிப்பை முடித்துவிட்டு வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். இவனோ, சென்னையில் ஒரு கால்பந்துக் கழகம் தன்னை அழைத்திருக்கிறது, கல்லூரியை விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்கிறான். இவன் தாயார் இரவெல்லாம் உறங்குவதில்லை. நானும் அவனும் பேசிப் பதினைந்து நாட்களாகின்றன. நீங்களே சொல்லுங்கள், பந்து சோறு போடுமா?"

அந்த இடத்தில் என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. 'போடாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. 'போடும்' என்று சொன்னாலோ ஓர் இளைஞனின் வாழ்வோடு விளையாடியவனாவேன். வீடு திரும்பிய பின்னும் அக்கேள்வி என்னை விடவில்லை. அப்போது என் நினைவுக்கு வந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த முஹம்மது ஹபீப். அவருடைய வரலாற்றை உங்களுடன் பகிர்ந்துகொண்டு, பின்னர் நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

கால்பந்தாட்டத்துக்கும் இந்திய முஸ்லிம்களுக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. 1891ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோன்றிய முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934ஆம் ஆண்டு கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. ஆங்கிலேயப் பட்டாளத்து அணிகள் கோலோச்சிய அப்போட்டியில் பட்டம் வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டம் அவர்களிடமே இருந்தது. அக்கழகத்தில் ஆடிய முஹம்மது சலீம், 1936இல் ஸ்காட்லாந்துக்குச் சென்று, கிளாஸ்கோ நகரின் புகழ்பெற்ற செல்டிக் கழகத்துக்காக, பூட்ஸ் அணியாமல் கால்களில் துணிக்கட்டுகளுடன் இரண்டு ஆட்டங்கள் ஆடிக் காட்டினார்.

தெற்கே ஹைதராபாத்தும் கால்பந்துக்குப் பேர்போன நகராக விளங்கியது. அந்நகரப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அந்த அணியை உருவாக்கிய சையது அப்துர் ரஹீம் அவர்கள்தாம் பின்னர் இந்திய அணியின் பயிற்சியாளராகி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கத்தையும் நாட்டுக்குத் தேடித் தந்தவர்.

இந்த மண்ணில் 1949 ஜூலை 17ஆம் நாள் பிறந்தவர் முஹம்மது ஹபீப். உயரத்தால் எவரையும் அச்சுறுத்தக்கூடிய உடல்வாகு அவருக்கு இல்லை. ஆனால் பந்து எதிராளியிடம் இருக்கும்வரை ஓய்வறியாத கால்களும், தோல்வியை ஒப்பாத நெஞ்சமும் இருந்தன. 1966இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பதினேழு வயதை எட்டிக்கொண்டிருந்த அவ்விளைஞர், மொழி தெரியாத ஊருக்குப் பந்தை நம்பிப் புறப்பட்டார்.

அக்காலக் கல்கத்தாவின் வழக்கத்தை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கு ஆண்டு கழகங்களுக்குக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பருவம் வந்துவிட்டால், போட்டிக் கழகத்தார் கண்ணில் படாதபடி ஆட்டக்காரர்களை மறைத்து வைத்துக் காவல் காப்பதும் உண்டு. பணமும் வாக்குறுதியும் கைமாறும். காயம் பட்டவனையும் ஆட்டம் மங்கியவனையும் அடுத்த ஆண்டு கேட்பாரில்லை. ஆகவே பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ரயில்வேயிலோ வங்கியிலோ வேறு நிறுவனத்திலோ ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, அதன் நிழலில் பந்தாடினார்கள்.

ஹபீப் அந்த நிழலை நாடவில்லை. பந்தாட்டம் ஒன்றையே தம் தொழிலாகக் கொண்டார். இந்தியாவின் முதல் உண்மையான தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று அவரைப் பலரும் குறிப்பிடுவது இதனால்தான். ஈஸ்ட் பெங்காலிலிருந்து மோகன் பகானுக்கு, 1970இல் மீண்டும் ஈஸ்ட் பெங்காலுக்கு, 1975இல் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்குக்கு, 1976இல் மறுபடியும் மோகன் பகானுக்கு என்று, கல்கத்தாவின் மூன்று பெரும் கழகங்களின் வண்ணங்களையும் அவர் மாறி மாறி அணிந்தார். சிவப்பும் பொன்னும், பச்சையும் அரக்கும், கறுப்பும் வெள்ளையும் என அம்மூன்று கொடிகளின் கீழும் 1980களின் முற்பகுதி வரை அவர் ஆடினார்.

ஈஸ்ட் பெங்கால் தோற்றால் ஒரு வீட்டில் அடுப்பெரியாது, மோகன் பகான் தோற்றால் அடுத்த வீட்டில் அடுப்பெரியாது என்று சொல்லத்தக்க நகரம் அது. அத்தகைய ஊரில் எதிரணிக்குத் தாவியவனை மக்கள் தூற்றாமல் விட்டதுண்டா? ஆயினும் ஹபீபை மூன்று கழகத்தாரும் மதித்தனர். தோழர்கள் அவரைப் 'படே மியான்' என்று மரியாதையுடன் அழைத்தனர். காரணம் ஒன்றே. எந்தக் கழகத்துக்குக் கையெழுத்திட்டாரோ, அந்த ஆண்டு முழுவதும் அக்கழகத்துக்கே தம் உடலின் கடைசித் துளி ஆற்றலையும் கொடுத்தார். நேற்றுவரை தோழராக இருந்தவர் எதிரே நின்றாலும் அவர் கால் தயங்கியதில்லை.

சான்றுக்கு ஒன்று. 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை ஈஸ்ட் பெங்கால் வென்றது. அவற்றுள் பெரும்பாலான ஆண்டுகளில் ஹபீப் அவ்வணியில் இருந்தவர். 1976இல் அவர் மோகன் பகான் அணியில், அதே ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகக் களமிறங்கினார். ஆட்டம் தொடங்கியதும் உலகநாதன் ஓரத்திலிருந்து பந்தை உயர்த்தி அனுப்ப, ஹபீப் அதைத் தலையால் தட்டிவிட, அவருடைய தம்பி முஹம்மது அக்பர் அதை வலைக்குள் செலுத்தினார். அதற்குள் கடந்திருந்தவை பதினேழு வினாடிகளே! அவ்வாண்டின் லீக் பட்டம் மோகன் பகானுக்குச் சென்றது.

நாட்டுக்காகவும் அவர் ஆடினார். 1970ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில், சையது நயீமுத்தீன் தலைமையில் வெண்கலப் பதக்கம் பெற்ற அணியில் ஹபீபும் ஒருவர். 1977 செப்டம்பர் 24ஆம் நாள், உலகப் புகழ் பெலே இடம்பெற்ற நியூயார்க் காஸ்மாஸ் அணி, கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானை எதிர்த்து ஆடியது. மழையில் ஊறிய மைதானம். காஸ்மாஸ் எளிதில் வென்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் வியக்குமாறு, ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. மோகன் பகானின் இரு கோல்களில் ஒன்றை ஷியாம் தாப்பாவும் மற்றொன்றை ஹபீபும் போட்டனர். 1980இல் நடுவண் அரசு ஹபீபுக்கு அர்ஜுனா விருது வழங்கியது.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், ஜாம்ஷெட்பூர் டாட்டா கால்பந்துப் பயிற்சிக் கழகத்தில் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். இறுதிக் காலத்தில் நரம்பு நடுக்க நோயும் மறதி நோயும் அவரை வாட்டின. எத்தனையோ கோல்களின் நினைவைச் சுமந்த மனம், அவற்றை ஒவ்வொன்றாக இழந்தது. 2023 ஆகஸ்ட் 15ஆம் நாள், நாடு விடுதலைத் திருநாளைக் கொண்டாடிக்கொண்டிருக்கையில், தம் சொந்த ஊரான ஹைதராபாத்தில் எழுபத்து நான்காம் வயதில் அவர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

வாசகர்களே! இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு நண்பரின் கேள்விக்கு என்ன சொல்வது?

முதலாவது, மார்க்கம் விளையாட்டைத் தடுக்கிறதா என்று சிலர் கேட்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டியில் ஈடுபட்டதையும், மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டிகளுடன் விளையாடியதை அன்னையார் காண இடமளித்ததையும் நாம் அறிவோம். ஆகவே உடலுரம் தரும் விளையாட்டு குற்றமன்று. தொழுகையை விழுங்கும் விளையாட்டும், சூதாட்டம் கலந்த விளையாட்டும்தான் குற்றம். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில்தான் பெரும்பாலும் பயிற்சி நடைபெறுகிறது. பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பாங்கோசைக்குச் செவிசாய்க்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. முழங்கால் மறையும்படி உடுத்திக்கொண்டு ஆடுவதற்கும் இந்நாளில் தடையேதும் இல்லை.

இரண்டாவது, சோற்றுக் கேள்வி. இங்கேதான் நாம் உண்மையை மறைக்கக்கூடாது. ஹபீப் ஒருவர். அவரைப் போல் கல்கத்தாவுக்கு ரயிலேறி, ஓரிரு ஆண்டுகளில் முழங்கால் உடைந்து, பெயர் தெரியாமல் ஊர் திரும்பியவர்கள் எண்ணற்றோர். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. இன்றைய நிலை மாறிவிட்டது, இப்போது கோடிகள் புரள்கின்றன என்பார்கள். 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் பெரும்பணம் புழங்கியது மெய்யே. ஆனால் 2025ஆம் ஆண்டு நடுவில், போட்டியை நடத்தும் உரிமை ஒப்பந்தம் பற்றிய இழுபறியால் அப்போட்டியே நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் தம் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைத்தன. முதல்தர ஆட்டக்காரர்களுக்கே அந்நிலை என்றால், இரண்டாம் மூன்றாம் நிலைக் கழகங்களில் ஆடும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

மூன்றாவது, ஹபீபின் வாழ்வில் நாம் கற்கத்தக்க பாடம் கோல்களில் இல்லை, அமானிதத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது முஃமின் மீது கடமை. மூன்று முதலாளிகளிடம் மாறி மாறி ஊழியம் செய்தும் மூவராலும் நம்பிக்கைத் துரோகி என்று சொல்லப்படாமல் வாழ்வது, மைதானத்தில் மட்டுமன்றி, கடையிலும் அலுவலகத்திலும் அரபு நாட்டுப் பணியிலும் நமக்குத் தேவையான குணம். பிழைப்புக்காக இடம் மாறுவது இழிவன்று. மாறிய இடத்தில் மனமின்றி உழைப்பதே இழிவு.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு, அடுத்த வாரம் ஒரு மாலைப் பொழுதில் உப்பளம் மைதானத்துக்குச் சென்றேன். பிள்ளை ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற நான் வல்லவன் அல்லன். ஆனால் தோழன் ஒருவன் கீழே விழுந்தபோது, பந்தை விட்டுவிட்டு அவனைத் தூக்கிவிட ஓடியவன் இவன்தான். மக்ரிப் தொழுகைக்குப் பின் அவனையும் அவன் தந்தையையும் அருகருகே உட்கார வைத்தேன். பதினைந்து நாள் மௌனம் அங்கே உடைந்தது.

"அத்தா, எனக்குப் பிரான்ஸ் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஒருமுறை முயன்று பார்க்காமல் போனால், அங்கே போயும் நான் இங்கேயேதான் இருப்பேன்" என்றான் பிள்ளை.

தந்தை நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "நான் உன் ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை" என்றார். கோபத்தோடு அல்ல, குற்றம் ஒப்புவதைப் போலச் சொன்னார்.

மூவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பட்டப்படிப்பை எக்காரணத்தாலும் நிறுத்துவதில்லை. நேரில் வகுப்புக்குச் செல்ல இயலாவிடில் தொலைநிலைக் கல்வியிலாவது முடிப்பது. கழகத்தின் ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று, சம்பளம் எவ்வளவு, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்ற இரண்டையும் தெளிவாகப் படித்த பின்னரே கையெழுத்திடுவது. தவணை இரண்டு ஆண்டுகள். அதற்குள் வழி திறக்கவில்லையெனில், மனக்கசப்பின்றி மாமாவின் அழைப்பை ஏற்பது. தந்தையும் ஒரு நிபந்தனையை ஏற்றுக்கொண்டார். மாதம் ஒருமுறை சென்னை சென்று மகனின் ஆட்டத்தை நேரில் பார்ப்பது!

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பந்தையோ, தூரிகையையோ, வேறு ஏதேனும் ஒன்றையோ பற்றிக்கொண்டு நிற்கும்போது, 'இது சோறு போடுமா' என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்கு முன், ஒருமுறையேனும் போய்ப் பாருங்கள். பிள்ளைகளே! உங்கள் ஆசையைத் தந்தைக்கு எதிரான ஆயுதமாக்காதீர்கள். அவர் கேட்கும் கணக்கு, உங்கள் மீதுள்ள அச்சத்தின் கணக்கு.

அந்தப் பிள்ளையின் கால்கள் வெல்லுமா தோற்குமா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். பேச்சு நின்றுபோன ஒரு வீட்டில் மீண்டும் ஸலாம் ஒலிக்கிறது. அதற்காக அவனுக்கே புகழனைத்தும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.