ஆடியவரை அறிவோம், அரங்கமைத்தவரை அறியோம்

திரைப்படத்தைப் பற்றிப் பேசாத தமிழ்க் குடும்பம் இந்த மலைநாட்டில் இல்லை. ஆனால், திரைப்படத்தைப் பற்றி முறையாகப் பேசும் தமிழ் வகுப்பறையைக் காண்பது அரிது. வீட்டிலே விருந்து, பள்ளியிலே விலக்கு. இந்த இரட்டை வாழ்க்கையை நாம் நெடுங்காலமாக நடத்தி வருகிறோம்.

இடைநிலைப்பள்ளி ஒன்றின் தமிழ்மொழிக் கழக விழாவில் பேச அழைக்கப்பட்டிருந்தேன். மாணவர்களைப் பார்த்து, "கே. சுப்பிரமணியம் என்பவர் யார்?" என்று கேட்டேன். அவையில் அமைதி. "தியாகபூமி என்னும் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?" என்றேன். அதே அமைதி. பிறகு இன்றைய நடிகர் ஒருவரின் பெயரை மட்டும் சொன்னேன். அவர் பிறந்த நாள், வாங்கும் ஊதியம், அடுத்து வரவிருக்கும் படம் என அத்தனையும் மழையாகப் பொழிந்தன. பின் வரிசையில் அமர்ந்திருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் இரண்டு வினாக்களுக்கும் அவர்களுள்ளும் ஒருவர் கை உயர்த்தவில்லை.

குற்றம் மாணவருடையது அன்று. ஆடியவரை மட்டும் அவர்களுக்குக் காட்டியவர்கள் நாம். அரங்கை அமைத்தவரைக் காட்ட மறந்தவர்களும் நாம். ஒரு கலை அதன் நட்சத்திரங்களால் ஒளி பெறலாம். நிலைபெறுவதோ, அதற்கு நிலமும் கூரையும் விதியும் அமைப்பும் உண்டாக்கியவர்களால். இந்த எளிய உண்மையைக் கற்பிக்கத் தவறியதால்தான் நம்மிடையே பார்வையாளர் பெருகினர், படைப்பாளர் அருகினர். இக்கட்டுரையின் குற்றச்சாட்டு இதுவே.

வழக்கறிஞர் எடுத்த வழக்கு

பாபநாசத்தில் 1904ஆம் ஆண்டு பிறந்த கே. சுப்பிரமணியம் சட்டம் பயின்றவர். கும்பகோணத்தில் வழக்கறிஞராய் இருந்தவர். மதிப்பும் வருவாயும் தரும் அத்தொழிலை விட்டு, அக்காலத்தில் நல்ல குடும்பத்தார் வாயில் உச்சரிக்கவும் தயங்கிய சினிமாவுக்கு வந்தார். மௌனப்பட நாள்களில் ராஜா சாண்டோவுடன் பணியாற்றித் தொழில் கற்றார். 1934இல் 'பவளக்கொடி'யை இயக்கினார். எம். கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தது அப்படத்தில்தான்.

பாகவதரை நாம் அறிவோம். அவருடைய சிகையலங்காரத்தைக்கூட நம் பாட்டனார்கள் அறிந்திருந்தார்கள். அவரைத் திரைக்குக் கொண்டுவந்தவரை எத்தனை பேர் அறிவோம்? எம். எஸ். சுப்புலட்சுமியை உலகம் அறியும். அவர் நடித்த முதற்படம் 1938இல் வந்த 'சேவாசதனம்'. பிரேம்சந்தின் நாவலைத் தழுவி, பொருந்தா மணத்தில் சிக்கிய பெண்ணின் துயரைச் சொன்ன அப்படத்தை ஆக்கியவரும் இவரே.

'பாலயோகினி' 1937இல் வெளிவந்தது. கைம்பெண்ணின் நிலையையும் சாதிக் கொடுமையையும் அப்படம் எடுத்துப் பேசியது. கைம்பெண் பாத்திரத்தில் உண்மையாகவே கணவனை இழந்த அந்தணப் பெண் ஒருவரை நடிக்க வைத்தார். அவருடைய சொந்தச் சமூகத்தார் சினந்து அவரை ஒதுக்கி வைத்தனர். அவர் அஞ்சவில்லை. மூன்றாண்டுகளில் 'பக்த சேதா'வை எடுத்தார். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரை இறைவனுக்கு அணுக்கமானவராகக் காட்டினார். மேடையில் சீர்திருத்தம் பேசுவது எளிது. தன் பணத்தையும் பெயரையும் பணயமாக வைத்துச் சீர்திருத்தத்தைக் கொட்டகையில் ஓட்டிக்காட்டுவது எளிதன்று.

1939இல் வந்த 'தியாகபூமி'யைத் தமிழாசிரியர்கள் தனியாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். கதை கல்கியுடையது. ஆனந்த விகடனில் அது தொடராக வந்தபோதே படமும் உருவாயிற்று. தொடருக்கு ஓவியங்களுக்கு மாறாகப் படத்தின் காட்சிகளே அச்சாயின. ஏட்டில் படித்தவர் கொட்டகைக்குச் சென்றார். கொட்டகையில் கண்டவர் ஏட்டைத் தேடினார். இலக்கியத்தையும் திரையையும் இணைப்பது பற்றி இன்று கருத்தரங்கு நடத்துகிறோம். அவர் கருத்தரங்கு நடத்தவில்லை, செய்து காட்டினார்.

தன்னைக் கைவிட்ட கணவன் வழக்கு மன்றத்தில் வந்து உரிமை கோரும்போது, மனைவி அவனோடு வாழ மறுக்கிறாள்; வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள். 1939இல் இதைச் சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்! விடுதலை உணர்வும் அப்படத்தில் ஓங்கி ஒலித்தது. சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபரில் விலகியது. அதன் பின்னர் பிரிட்டிஷ் ஆட்சி படத்திற்குத் தடை விதித்தது. தடைசெய்யப்பட்ட நூல்களின் வரலாற்றை நாம் கற்பிக்கிறோம். தடைசெய்யப்பட்ட இந்தப் படம் மட்டும் ஏன் நம் பாடத்திற்கு வெளியே நிற்கிறது?

தலைவர் என்பவர் யார்?

இதுவரை சொன்னவை ஒரு கலைஞரின் பெருமைகள். அவரை நான் இங்கே அழைத்து வந்தது இதற்காக மட்டும் அன்று. தம் படங்களோடு அவர் நிற்கவில்லை. தம் தொழிலில் உள்ள மற்றவர்கள் நிற்பதற்கும் இடம் தேடினார்.

தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை 1939இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் சத்தியமூர்த்தி. அதை உருவாக்க முன்னின்றவர்களுள் ஒருவர் சுப்பிரமணியம். பின்னாளில் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். உலகப்போர் வந்தது. கச்சாப் பிலிமுக்குத் தட்டுப்பாடு. படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அரசு வரையறுத்தது. தனித்தனித் தயாரிப்பாளராய் நின்றால் ஒவ்வொருவரும் மடிந்திருப்பர். அமைப்பாய் நின்றதால் தொழில் பிழைத்தது. நடிகர்களுக்கென 1952இல் தென்னிந்திய நடிகர் சங்கம் உருவானதிலும் அவருடைய பங்கு உண்டு. முதலாளிகளின் சபையிலும் இருந்தார். நடிப்பவர்களின் சங்கத்திற்கும் துணைநின்றார். 1942இல் நிருத்யோதயா என்னும் நடனப் பள்ளியையும் நிறுவினார். 1971இல் மறையும்வரை அவர் அமைப்புகளின் மனிதராகவே வாழ்ந்தார்.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது என் நோக்கமன்று. தேசியவாதியான அவரே போர்க்காலத்தில் அரசின் போர் முயற்சிக்கு ஆதரவான 'மான சம்ரட்சணம்' படத்தை 1945இல் தந்தார். கச்சாப் பிலிமை அரசின் கையிலிருந்து பெறவேண்டிய காலம் அது. தொழிலைக் காக்க வேண்டியவர் தம் கையைச் சற்றும் நனைக்காமல் ஆற்றைக் கடக்க இயலாது. இதை மன்னிப்பதா, கண்டிப்பதா என்று மாணவர்கள் வாதிடட்டும். அதுவன்றோ உயிருள்ள பாடம்!

இழப்பும் அவர் அறியாததன்று. அவர் தொடர்பு கொண்டிருந்த மவுண்ட்ரோடு படப்பிடிப்பு நிலையம் தீக்கு இரையாகி ஏலத்திற்கு வந்தது. அதை வாங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். எஸ். வாசன். அவ்விடத்தில் எழுந்ததுதான் ஜெமினி ஸ்டூடியோ. அங்கிருந்து 1948இல் 'சந்திரலேகா' புறப்பட்டு, தமிழ்ப்படம் வடநாட்டையும் வெல்லக்கூடும் என்று காட்டியது. வாசனும் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவராக உயர்ந்தார். ஒருவர் இழந்த இடத்தில் மற்றவர் எழுப்பினார். தொழில் என்பது இவ்வாறே ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறி வளர்கிறது.

'வணிகர்' என்னும் வசை

"தயாரிப்பாளர் வணிகர்தாமே? அவருக்குத் தமிழ் வகுப்பில் என்ன வேலை?" என்பர் சிலர். பதிப்பாளரும் வணிகரே. சுவடிகளை அச்சேற்றப் பொருள் தந்தவர்களை இலக்கிய வரலாற்றில் வாழ்த்துகிறோம். படம் எடுக்கப் பொருள் தந்தவரை மட்டும் பழிக்கிறோம். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சை நடத்திய டி. ஆர். சுந்தரம் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்தார். மலையாளத்தின் முதற் பேசும்படமான 'பாலன்' 1938இல் அவரிடமிருந்தே வந்தது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழுக்கு முழுநீள வண்ணத்தைக் கொணர்ந்தது. இன்று அந்நிலையத்தில் எஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு ஒன்றே. அவரை வணிகர் என்று ஒதுக்கியவர்கள் அந்த வளைவின் முன் நின்று எண்ணிப் பார்க்கட்டும்.

"திரைப்படம் தமிழைக் கெடுத்தது" என்பது அடுத்த வாதம். கெடுத்த படங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கல்கியும் பாபநாசம் சிவனும் உள்ளே சென்றபோது தமிழ் அங்கே தழைத்ததே! நல்லவர் விலகி நின்ற வீட்டில் குப்பை சேர்ந்தால், விலகியவருக்கும் அதில் பங்குண்டு.

ஜாலான் அம்பாஸ் தரும் பாடம்

"இவை சென்னைக் கதைகள், நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸுக்கு வரட்டும். ஷா சகோதரர்களின் மலாய்ப் படத் தயாரிப்பு நிலையம் 1947 முதல் 1967 வரை அங்கே இயங்கியது. தொடக்கக் காலத்தில் இயக்கும் பொறுப்பில் இருந்தவர்களுள் இந்தியர் பலர். எல்லாரும் தமிழர் அல்லர். ஆயினும் தமிழரும் இருந்தனர். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தை இயக்கினார். பி. ரம்லி கதாநாயகனாக உயர்ந்தது அப்படத்தில்தான். பின்னாளில் கேத்தே-கிரிஸ் நிலையத்திற்கும் படங்கள் தந்து, இந்நாட்டுத் திரைத்தொழிலில் நெடுங்காலம் உழைத்தார். ரம்லியின் பாடலை நம் பிள்ளைகள் பள்ளி மேடையில் பாடுகிறார்கள். கிருஷ்ணனின் பெயரை அவர்களுக்கு எவரேனும் சொன்னோமா?

இதைவிட முக்கியமான பாடம் ஒன்றுண்டு. மலாய்க் கலைஞர்கள் இந்திய இயக்குநர்களின்கீழ் நடித்துக்கொண்டே தொழிலைக் கற்றார்கள். 1955இல் ரம்லி தாமே 'பெனாரேக் பெச்சா'வை இயக்கினார். தம் மொழிப் படத்தைத் தாமே எடுக்கும் உரிமையை அவர்கள் பெற்றது நியாயமே. நிலையம் தொடங்கி எட்டே ஆண்டுகளில் அந்நிலையை அடைந்தார்கள்!

நாமோ? தோட்டத்துத் திடலில் இரண்டு கழிகளுக்கிடையே வெள்ளைத் துணி கட்டி, மண்ணில் பாய் விரித்துப் படம் பார்த்த காலத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம். 'ப்ரியா'வும் (1978) 'நினைத்தாலே இனிக்கும்' படமும் (1979) சிங்கப்பூரில் படமாக்கப்பட்டன. நாம் பார்த்த வீதிகள் திரையில் வந்தன என்று மகிழ்ந்தோம். நம் வாழ்க்கை அத்திரையில் வரவில்லை என்று வருந்தினோமா? 'செம்மண் சாலை' 2005இலும் 'ஜகாட்' 2015இலும் இம்மண்ணிலேயே பிறந்தன. தோட்டத்துத் தமிழரின் மூச்சும், தோட்டத்தைவிட்டு வெளியேறியவரின் வலியும் அவற்றில் உண்டு. வெளியூர் நடிகரின் படத்திற்கு முதல்நாள் முதற்காட்சிக்கு விடுப்பெடுத்துச் செல்பவர்கள், இவற்றிற்கு எத்தனை நுழைவுச்சீட்டு வாங்கினோம்? எத்தனை பள்ளிகள் இவற்றைக் கட்டுரைப் பொருளாக்கின?

செய்யத்தக்கன

ஆசிரியப் பெருமக்களே, வகுப்பில் ஒரு படத்தின் பெயர் எழுந்தால் அதை அடக்காதீர்கள். "நடித்தவர் யார்?" என்னும் வினாவிற்குப் பிறகு, "எடுத்தவர் யார்? எவர் பணம்? எவர் துணிந்தார்? எவர் தடுத்தார்?" என்று கேளுங்கள். அந்த நான்கு வினாக்களில் வரலாறும் பொருளியலும் அறமும் அடங்கும்.

மாணவர்களே, உங்கள் தாத்தாவிடம் செல்லுங்கள். கொட்டகையில் சீட்டுக் கிழித்தவர், படம் காட்டும் கருவியை இயக்கியவர், தோட்டந்தோறும் படப்பெட்டி சுமந்தவர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்த ஏடும் போய்விடும்.

எழுத்தாளர் சங்கங்களுக்கும் ஒரு சொல். விழா எடுத்தால் நடிகரை வரவழைத்து மாலை சூட்டுகிறோம். அந்த மாலைக்கும் விமானச் சீட்டுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு, இந்நாட்டு இளைஞர் ஒருவர் தம் முதல் குறும்படத்தை முடிக்க உதவலாம். நம்மவர் சிறுகதையைத் திரைக்கதையாக்கும் பயிலரங்கு ஒன்றை ஆண்டுதோறும் நடத்தலாம்.

கும்பகோணத்து வழக்கறிஞர் ஒருவர் கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தபோது, அவருக்காக எந்தச் சபையும் காத்திருக்கவில்லை. பிறரோடு சேர்ந்து அவர் சபையை உண்டாக்கினார். நமக்கு அமைப்பு இல்லை, ஆதரவு இல்லை, சந்தை இல்லை என்று புலம்புவோர் இதனை நினைவிற்கொள்க. நாற்காலிகளை நிரப்பியது போதும்; இனி அரங்கை அமைப்போம்.