தாமரை அயலதோ?

சிலுவையின் அடியில் தாமரையும் பீடத்தருகே குத்துவிளக்கும் இருத்தல் திருச்சபைக்கு ஒவ்வாத கலப்பு என்பாரும் உளர். அவர்களை நாம் வினவுகிறோம்: உரோமையின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஆட்டைத் தோளில் சுமந்து நிற்கும் நல்லாயன் உருவம் எங்கிருந்து வந்தது? கிரேக்க, உரோமையக் கலையில் முன்பே வழங்கிய வடிவமன்றோ அது? ஏன், சிலுவையே உரோமையரின் கொலைக்கருவிதான். பொருள் மாறியதால் மீட்பின் சின்னமாயிற்று.

பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவையில் மேலே புறாவும் கீழே தாமரை இதழ்களும் உள்ளன. எழுத்தோ பாரசீகத்துப் பஹ்லவி. அதைச் செதுக்கியோர் தாமரைக்கு அஞ்சினாரல்லர்.

சின்னத்தின் சமயத்தை அதன் பிறப்பிடம் முடிவு செய்வதில்லை. வழிபடுவோர் அதில் ஏற்றும் பொருளே முடிவு செய்கிறது. தாமரையைப் பெயர்த்தெறியத் துடிப்போர் தூய்மையைக் காப்பவரல்லர். இம்மண்ணின் மக்கள் தம் கண்ணறிந்த சின்னங்களால் இறைவனைத் தொழும் உரிமையைப் பறிப்பவரே ஆவர்.