பேய் பார்க்கும் நடை

லண்டன், எடின்பரோ முதலிய பழைய நகரங்களில் காசு வாங்கிக்கொண்டு, குழந்தை குட்டிகளையும் இராத்திரியில் தெருத்தெருவாய் நடத்திப் பேய்க்கதை சொல்லுகிறார்கள். அது அங்கே விளையாட்டு. நாமோ, நாகர்கோவிலுக்கடுத்த கள்ளியங்காட்டில் வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு இரத்தங் குடித்தாளென்ற நீலியை இசக்கியாக்கிப் படையலும் போடுகிறோம். அவள் மறித்த ஒருவனுக்காவது பேர், ஊர், தேதி உண்டா?

சுசீந்திரத்திலே கோவிலைச் சுற்றிய தெருவில் மனிதனை மனிதன் மறித்ததற்கும், 1926-ல் அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடந்ததற்கும் ஆதாரமுண்டு. திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்ததே 1936-ல்தான்.

ஆகவே பெற்றோர்களே! குழந்தைகளோடு நடக்க ஆசையிருந்தால் அந்தத் தெருக்களில் நடவுங்கள். வழிமறித்த பேயின் பேர் ஜாதி என்று சொல்லிக்கொடுங்கள். அது கல்யாணப் பேச்சில் இன்றும் தலைகாட்டுவதை மறைக்காதீர்கள். நீலிக்குப் பயப்படும் நாம் இதற்கு வெட்கப்பட வேண்டாமா?