சின்ன ரயில்

"பொம்மை ரயில் பார்ப்பதற்காகவா ஐயா, புனே வரைக்கும் போய் வந்தீர்?" என்று இண்டூர்க் கடைத்தெருவில் ஒரு நண்பர் கேட்டார். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், நாற்பது வயதைத் தாண்டியவர், விடுமுறையில் தம்பி மகனையும் அழைத்துக்கொண்டு இத்தனை தூரம் பிரயாணம் செய்து விளையாட்டுச் சாமான் பார்த்துவிட்டு வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் போய் வந்ததிலிருந்து மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் சிரிப்புக்கு உரியதன்று.

புனே நகரில் கோத்ரூட் பகுதியில் ஜோஷி சிற்றுருவ ரயில் காட்சிசாலை இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி என்பவர் ஆயுள் முழுவதும் ரயில் மீது கொண்ட காதலின் பயன் அது. 1998-ல் பொது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. உள்ளே ஒரு நகரமே பரந்து கிடக்கிறது. வீடுகள், சாலைகள், சர்க்கஸ் கூடாரம், இவற்றுக்கிடையே வளைந்து நெளிந்து ஓடும் ரயில்கள். கைகாட்டி இறங்கினால் வண்டி புறப்படுகிறது; ஏறினால் நிற்கிறது. விளக்கை அணைத்ததும் அந்தச் சிற்றூரின் ஜன்னல்களிலெல்லாம் வெளிச்சம் பூக்கிறது. சற்று முன்வரை கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பையன் வாய் திறந்தபடி நின்றுவிட்டான். பெரியவர்கள் நிலைமையும் அதுதான்.

இவை மனம்போன போக்கில் செய்த பொம்மைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. இவ்வகை ரயில்களில் உலகமெங்கும் மிகுதியாக வழங்கும் அளவு, அசலில் 87-ல் ஒரு பங்கு. பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த 21 மீட்டர் நீளப் பெட்டி, அந்த அளவில் ஒரு சாணுக்குச் சற்று மேலே அடங்கிவிடும். ஐந்தரை அடி ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்கமாட்டான். ஜெர்மனியில் மார்க்ளின் கம்பெனியார் 1891-ல் விளையாட்டுத் தண்டவாளங்களின் அகலத்தை ஒழுங்குபடுத்தியதிலிருந்து இந்தக் கலை முறையாக வளர்ந்தது. அதே நாட்டு லேமன் கம்பெனி 1968-ல் தோட்டத்தில் ஓடும் ரயிலை வெளியிட்டது. மழையிலும் வெயிலிலும் செடிகளுக்கு நடுவே ஓடக்கூடிய வண்டி. பாதையின் அகலம் 45 மில்லிமீட்டர். இந்த 45 எதைக் குறிக்கிறது தெரியுமா? ஒரு மீட்டர் அகலப் பாதையை 22½-ஆல் வகுத்தால் ஏறக்குறைய அதுதான் வரும். நம் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஓடிய மீட்டர் பாதையும் அதே அகலம்தான்! வகுத்தலும் விகிதமும் கசக்கிறது என்று அழும் பிள்ளைக்கு இதைவிட இனிய பாடம் எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது?

காட்சி முடிந்து வெளியே வந்ததும் பையன் கேட்டான்: "பெரியப்பா, இத்தனை ரயில் இருக்கிறதே, நம் ஊர் ரயில் எங்கே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் ஊர் ரயில் என்று அவன் சொன்னது, இன்று சேலத்திலிருந்து தர்மபுரி வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் ரயிலை அல்ல. என் பாட்டி கதை கதையாகச் சொன்ன சின்ன ரயிலை. அந்தக் கதைகளை நான்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

பஞ்சம் அடிக்கடி வாட்டிய சீமை நம்முடையது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்ற நோக்கத்தோடு 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலப் பாதை ஒன்று போட்டார்கள். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. சிறுமியாயிருந்தபோது பாட்டி அதில் ஏறி மொரப்பூர் போனதுண்டாம். பிறகு உலக யுத்தம் வந்தது. 1941-ல் பாதையை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். போட்டவர்களும் அந்நியர், பெயர்த்தவர்களும் அந்நியர். இரண்டு தடவையும் நம் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் மறுபடி ரயில் பாதை வேண்டுமென்று ஜனங்கள் பல காலம் கேட்டு, 2019-ல்தான் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள்.

பாதை வரும்போது வரட்டும். பழைய ரயிலை நாம் மறக்கலாமா? அதில் ஏறியவர்கள் இன்று உயிரோடிருந்தால் தொண்ணூறை எட்டியிருப்பார்கள். என் பாட்டி போய்விட்டாள். வண்டி எங்கெங்கே நின்றது, பெட்டிக்குள் எப்படி உட்கார்ந்தார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டு எழுதி வைக்காமற்போனேனே என்ற வருத்தம் எனக்கு என்றும் தீராது.

ஆகவே ஒரு காரியம் தொடங்கியிருக்கிறோம். இரண்டரை அடி என்பது 762 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது மில்லிமீட்டர்த் தண்டவாளம் விலைக்கே கிடைக்கிறது. மொரப்பூர் முதல் தர்மபுரி வரையுள்ள சுமார் 30 கிலோமீட்டரையும் அதே அளவில் போடுவதென்றால் 345 மீட்டர் வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணை அதற்குப் போதாது! ஆகையால் ஒரு ஸ்டேஷனும், ஒரு குன்றும், இரண்டு புளியமரமும் போதுமென்று தீர்மானித்தோம். எஞ்சினை விலைக்கு வாங்கத்தான் வேண்டும். மற்றவை யாவும் அட்டையும் களிமண்ணும் எங்கள் பத்து விரல்களுமே.

நேயர்களில் யார் வீட்டிலாவது அந்தச் சின்ன ரயிலில் ஏறிய முதியவர் இருந்தால், இன்றிரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கடைத்தெரு நண்பரிடமும் இதையெல்லாம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "புளியமரத்துக்கு என்ன சாமான் வேண்டும்?" என்று கேட்டார்.