‘18 பிளஸ்’ என்றாலே ஆபாசமா?

வயது வந்தோருக்கான வீடியோ கேம் என்று பேச்செடுத்தால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் தீர்ப்பு கையோடு வந்துவிடும். பள்ளி ஆண்டு விழா மேடையிலும், நடவு முடிந்த நேரத்து டீக்கடையிலும் சொல்லப்படுவது ஒன்றுதான். அதில் கொலையும் ஆபாசமும் தவிர எதுவும் கிடையாது, வேடம் ஏற்று ஆடுகிறவன் அந்த வேடமாகவே மாறிப்போவான், கைக்காசு கரையும், நம்ம மண்ணுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நான்கு குற்றச்சாட்டுகளும் ஒரே மூச்சில் வருவதால் எதையும் யாரும் தனியாக எடுத்துச் சோதிப்பதில்லை.

சோதிக்க ஒரு கேமை எடுத்துக்கொள்ளலாம். ‘டிஸ்கோ எலிசியம்’ 2019 அக்டோபர் 15 அன்று வெளிவந்த ரோல் பிளேயிங் கேம். எஸ்தோனியாவைச் சேர்ந்த நாவலாசிரியர் ராபர்ட் கர்விட்ஸ் தன் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியது. அவருடைய நாவல் 2013இல் வெளியாகி, வாசகர்களைச் சரியாகச் சென்றடையாமல் முடங்கியது. மனமுடைந்திருந்தவரை கேம் பக்கம் திருப்பியவர் இன்னொரு எழுத்தாளர், கௌர் கெண்டர். அப்படிப் பிறந்த இந்த ஆக்கத்தில் 10 லட்சம் சொற்களுக்கு மேல் எழுதப்பட்ட உரை இருக்கிறது. ஐரோப்பாவில் இதற்கு 18 வயதுச் சான்று. கெட்ட வார்த்தை, போதைப்பொருள், குடி, பாலியல் பேச்சு எல்லாம் உண்டு. ஆக, குற்றச்சாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கேம் கிடைக்காது.

முதல் குற்றச்சாட்டு கொலை. கதை ஒரு சாவில்தான் தொடங்குகிறது. விடுதியின் பின்புறத்து மரத்தில் ஒரு பிணம் ஒரு வாரமாகத் தொங்குகிறது. விசாரிக்க வந்த துப்பறிவாளர் குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்தவர். துப்பாக்கியும் இல்லை, போலீஸ் அடையாளச் சின்னமும் இல்லை. இரண்டையும் தொலைத்துவிட்டு நிற்கிறார். ஆடுபவர் ஏற்கும் வேடம் இவர்தான். சுடுவதற்கென்று பொத்தான் கிடையாது. எல்லாம் பேச்சாலும் இரண்டு பகடைகளாலுமே தீர்கின்றன. உடல் தெம்பு குறைவாக வைத்துத் தொடங்கினால், மின்விசிறியில் மாட்டிய தன் டையை எடுக்கப் போய் மாரடைப்பில் முதல் சில நிமிடங்களிலேயே செத்துப்போகலாம். அவருக்குள்ளிருந்து 24 குரல்கள் பேசுகின்றன. தர்க்கம் ஒன்று சொல்லும், கற்பனை வேறொன்று சொல்லும், பழைய குடிவெறி மூன்றாவதாக ஒன்றைக் கேட்கும். துணைக்கு வரும் கிம் கிட்சுராகி என்ற அதிகாரி நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டவர். அந்த மனிதரின் மரியாதையைச் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசைதான் ஆட்டக்காரரை நெடுநேரம் இழுத்துச் செல்கிறது.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கரையோர மரப்பாதையில் உடைந்த பலகைக்குள் தவறி விழுந்து ஒருவன் இறந்து கிடக்கிறான். சதியும் இல்லை, பகையும் இல்லை, வெறும் விபத்து. புத்தகக் கடையருகே முன்பு பார்த்த ஒரு பெண்ணின் கணவன்தான் அவன் என்று பிறகு தெரிகிறது. அவன் சில நாட்களாக வீடு திரும்பவில்லை என்பதை அன்றைக்கு அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அவள் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தியைச் சொல்ல வேண்டும். திரையில் பதில்கள் வரிசையாக நிற்கின்றன. சுற்றி வளைத்துச் சொல்வதா, நேராகச் சொல்வதா, கிம்மைச் சொல்ல விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதா? எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் நடக்கப்போவது மாறாது. சொல்லும் விதம் மட்டுமே ஆட்டக்காரர் கையில் இருக்கிறது. துக்கச் செய்தியோடு ஒரு வாசலில் போய் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கனம் அது. கொலையைத் தவிர எதுவும் இல்லை என்று சொல்பவர்கள் இந்தக் காட்சி வரை ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆபாசம் என்ற குற்றச்சாட்டு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஆஸ்திரேலியாவின் வகைப்பாட்டு வாரியம் 2021 மார்ச்சில் இந்த கேமின் இறுதிப் பதிப்புக்குச் சான்று மறுத்தது. போதைப்பொருளைப் பயன்படுத்தினால் ஆட்டத்தில் ஆதாயம் கிடைக்கிறது என்பது காரணம். மேல்முறையீட்டில் மே மாதமே மறுஆய்வு வாரியம் அந்த முடிவை மாற்றி, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதித்தது. அந்தப் பழக்கத்தால் வரும் கேடுகளையும் கேம் காட்டுகிறது என்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. உண்மையும் அதுதான். குடித்தால் உடல்வலு சற்று ஏறும். கூடவே மனஉறுதியோ உடல்நலமோ அடி வாங்கும். குடியால் சீரழிந்த ஒருவனின் வாழ்க்கையை இவ்வளவு விரிவாகக் காட்டும் கேம் அரிது. டெல்டாவின் சிற்றூர்களில் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி மறியலில் உட்கார்ந்த பெண்களுக்கு இந்தக் கதாநாயகனை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை.

தடை விதித்துப் பிறகு விலக்கிய கதை தஞ்சாவூருக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் தஞ்சை அரசவையில் இருந்த கணிகை முத்துப்பழனி, ‘ராதிகா சாந்தவனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். ஒரு பெண்ணின் காமத்தையும் பொறாமையையும் அவள் குரலிலேயே சொன்ன நூல். பின்னாளில் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் அதை ஆபாசம் என்று ஒதுக்கினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் முழு வடிவத்தைத் தேடிப்பிடித்து 1910இல் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேய அரசு நடவடிக்கையில் இறங்கி, பிரதிகளைப் பறிமுதல் செய்து நூலைத் தடை செய்தது. தடையை விலக்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது சென்னை மாகாணப் பிரதமராக இருந்த டி.பிரகாசம் அதைச் செய்தார். அதே நாகரத்தினம்மாள்தான் தன் சொத்தை விற்றுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். தை மாதத்து ஆராதனையில் காவிரிக் கரையில் உட்கார்ந்து பஞ்சரத்னம் கேட்கும் ஊர், தன் முன்னோடி ஒருவர் ஆபாசப் புத்தகம் போட்டவர் என்று வசைபட்டதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். தி.ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலும் இந்த மண்ணின் மனிதர்களைத்தான் பேசுகிறது. வயது வந்தவர்களுக்கான விஷயத்தை வயது வந்தவர்களுக்காக எழுதும் மரபு காவிரிக் கரைக்குக் கடன் வாங்கி வந்ததல்ல.

வேடம் ஏற்றால் அதுவாகவே ஆகிவிடுவான் என்பது இரண்டாவது வாதம். இதற்குப் பதில் மெலட்டூரிலேயே இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள அந்த ஊரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுகிறார்கள். பிரகலாத சரித்திரத்தில் தந்தையே மகனைக் கொல்லத் துணிகிறான். இரணியன் வேடம் கட்டுபவர் விடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைக்குச் சோறு போடுகிறார். கொடியவனின் தோலுக்குள் புகுந்து பார்ப்பதும், பார்த்துவிட்டு வெளியே வருவதும் சேர்ந்ததுதான் அந்தக் கலை. டிஸ்கோ எலிசியத்திலும் இனவெறியனாக நடந்துகொள்ள வழி இருக்கிறது. அப்படி நடந்தால் கிம்மின் முகம் மாறும். யாரைப் புண்படுத்தினோம் என்பதை ஆட்டக்காரர் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் எடுத்த நிலைப்பாட்டையும் முழுதாகச் சொல்வதுதான் நேர்மை. வன்முறைச் சம்பவங்களுக்கு வீடியோ கேமைக் காரணம் காட்ட அறிவியல் ஆதாரம் போதாது என்றது அது. கூச்சலிடுவது, பிடித்துத் தள்ளுவது போன்ற முரட்டு நடத்தையோடு சிறிய அளவில் தொடர்பு உண்டு என்றும் சேர்த்தே சொன்னது. முதல் பாதியை மட்டும் கேம் ரசிகர்களும், இரண்டாம் பாதியை மட்டும் எதிர்ப்பவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வாதம், காசு. இது ஆள்மாறாட்டக் குழப்பம். வீட்டைக் காலி செய்வது ஆன்லைன் ரம்மி போன்ற பணம் வைத்து ஆடும் ஆட்டம். தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த சட்டத்தின் இலக்கு அதுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை மற்றவற்றிலிருந்து பிரித்தே தடை செய்தது. டிஸ்கோ எலிசியத்தை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் முடிந்தது. பந்தயமும் இல்லை, தோற்றால் கட்ட வேண்டிய தொகையும் இல்லை.

நான்காவது வாதத்தில்தான் இந்தப் பக்கத்து வாசகர் நின்று பார்க்க வேண்டும். நம்ம மண்ணுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். கேம் நடக்கும் மார்ட்டினேஸ் என்ற கற்பனைத் துறைமுகப் பகுதியில் என்ன நடக்கிறது? தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. முதலாளித் தரப்பு கருங்காலிகளை இறக்கியிருக்கிறது. அவர்கள் துறைமுக வாசலில் கூட்டமாக நிற்கிறார்கள். கூலிப்படையும் ஊருக்குள் வந்துவிட்டது. மரத்தில் தொங்குவது அந்தக் கூலிப்படையைச் சேர்ந்தவனின் உடல்.

1960களின் கீழத் தஞ்சையை அறிந்த எவருக்கும் இந்த வரைபடம் பழக்கமானது. விவசாயத் தொழிலாளர்கள் கூடுதல் நெல் கூலி கேட்டார்கள். நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கமாகத் திரண்டார்கள். அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இந்தக் கொடுமையை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ நாவலை எழுதினார். 1977இல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. கூலிக்காக நின்றவர்கள், அவர்களை உடைக்க வந்தவர்கள், நடுவில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத அரசு அதிகாரி: இந்த மூன்றாவது ஆளின் இடத்தில் ஆட்டக்காரரை உட்கார வைக்கிறது டிஸ்கோ எலிசியம். நாவலில் அந்த மோதலை வெளியிலிருந்து பார்க்கிறோம். கேமில் அந்த அதிகாரியாகவே இருந்து யாரிடம் என்ன கேட்பது, யார் சொல்வதை நம்புவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வடிவத்தின் தனிப் பலம் இதுதான்.

இந்தியாவுக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் லீனா கேஜ்ரிவால் முன்னின்று 2016இல் ‘மிஸ்ஸிங்’ என்ற மொபைல் கேமைக் கொண்டுவந்தார். கடத்தப்பட்டுப் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட ஒரு சிறுமியாக ஆடுபவர் மாற வேண்டும். அங்கிருந்து தப்ப வழி தேட வேண்டும். ஆட்டமாக அது எளிமையானது, சிறியது. ஆனாலும் பாலியல் சுரண்டலைப் பற்றிய கேம் ஒன்று ஆபாசமாகாமல் இருக்க முடியும் என்று காட்டியது.

எதிர்ப்பவர்கள் சரியான இடத்தில் அடிப்பதில்லை என்பதால் உண்மையான குறைகள் தப்பித்துக்கொள்கின்றன. குழந்தைகள் விஷயத்தில் அவர்கள் கவலை முழுக்க நியாயம். இந்த கேமில் கூனோ என்ற சிறுவன் வருகிறான். வாயைத் திறந்தால் வசை. கூடவே போதைப் பழக்கம். பத்து வயதுப் பிள்ளை இதைப் பார்க்கக் கூடாது. திரைப்படத்துக்குத் தணிக்கை வாரியம் இருப்பதுபோல் கேம்களுக்கு வயதுச் சான்று தர இந்தியாவில் தனி வாரியம் இல்லை. இணையக் கடையில் பிறந்த தேதியை மாற்றிப் போட்டால் கதவு திறந்துவிடுகிறது. ஒரே போனை வீடே பயன்படுத்தும் ஊர்களில் இது உண்மையான ஆபத்து. ஆனால் இந்த ஆபத்துக்கு மருந்து கதவுக்கு நல்ல பூட்டு, வீட்டையே இடிப்பதல்ல.

படைப்பிலும் ஓட்டைகள் உண்டு. ஆடுபவருக்கு வாய்ப்பது ஒரே வேடம், நடுவயது ஆண். பெண்ணாக அந்த ஊரில் நடந்து பார்க்க வழியில்லை. விடுதியில் தங்கியிருக்கும் கிளாசியே என்ற முக்கியமான பெண் பாத்திரமும் மர்ம அழகி என்ற பழைய வார்ப்பிலிருந்து முழுதாக விடுபடவில்லை. சங்கத் தலைவர் எவ்ரார்ட் கிளேரைச் சூழ்ச்சிக்காரராகவே வரைந்திருக்கிறார்கள். உரிமைக்காக உயிரைக் கொடுத்த சங்கத்துக்காரர்களைப் பார்த்த டெல்டா வாசகருக்கு அது உறுத்தும், உறுத்த வேண்டும். பகடை சரியாக விழவில்லை என்றால் சேமித்த இடத்துக்குத் திரும்பி மறுபடி உருட்டலாம். தோல்வியோடு வாழப் பழக்கும் கேமுக்குள்ளேயே தோல்வியை அழிக்க வசதி இருக்கிறது. ஒரே தெருவில் திரும்பத் திரும்ப நடப்பதும் நடுப்பகுதியில் அலுக்கிறது.

மிகப் பெரிய குறை கேமுக்கு வெளியே இருக்கிறது. உழைப்பவனுக்கும் முதலுக்கும் நடக்கும் மோதலை எழுதியவர்களிடமே அந்தப் படைப்பு நிலைக்கவில்லை. கர்விட்ஸும் கலை இயக்குநர் அலெக்சாண்டர் ரோஸ்டோவும் எழுத்தாளர் ஹெலன் ஹிந்த்பெரேயும் கேமை உருவாக்கிய ‘ஸா உம்’ நிறுவனத்தை விட்டு வெளியேற்றப்பட்ட செய்தி 2022 அக்டோபரில் வெளிவந்தது. உரிமை யாருக்கு என்று வழக்குகள் நடந்தன.

பிறகு மொழி. கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும்கூட இதை ஆட முடிகிறது. தமிழில் இல்லை. ஆங்கில நாவல் வாசித்துப் பழகாதவருக்கு 10 லட்சம் சொற்கள் என்பது தாண்ட முடியாத மதில். ‘குருதிப்புனல்’ படித்து வளர்ந்த ஒரு நாகப்பட்டினத்து ஆசிரியருக்கோ, சங்கக் கூட்டங்களில் நரைத்த ஒரு திருவாரூர்த் தோழருக்கோ இந்தக் கதையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். இன்றைய நிலையில் அவர்கள் இதை ஆட முடியாது. பள்ளி மேடைகளில் இந்த வடிவத்தைத் திட்டுகிறவர்கள், இது தமிழில் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். தமிழில் கேம் செய்யத் துணியும் இளைஞர்களும் கேட்க வேண்டும்.